பின்னணிக்கு மட்டும் 26 மணி நேரம்

கேள்வி: நான்கு வருடமாகக் கலர் பென்சிலில் ஸ்டில் லைஃப் (பானை, பழம் மாதிரி அசையாப் பொருள்கள்) வரைகிறேன். பகலில் அலுவலகம், இரவில் படம். ஒரு படம் முடிய இரண்டு மாதம் ஆகிவிடுகிறது. இதுவரை 9 படங்கள் விற்றிருக்கின்றன. விலை சொன்னால், "பென்சில் படத்துக்கா இவ்வளவு?" என்கிறார்கள். ஆர்டர் கொடுத்த ஒருவர், முடித்துக் கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டு மேஜைத் துணியின் நிறத்தை மட்டும் மாற்றித் தரச் சொன்னார். இப்போது கட்டைவிரல் வேறு வலிக்கிறது. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இதில் இறங்கலாமா, இல்லை ஆயில் பெயிண்டிங்குக்கு மாறிவிடட்டுமா? வரைந்துகொண்டிருக்கும் படத்தின் புகைப்படத்தை இணைத்திருக்கிறேன். பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு மாதம் என்று இருக்கிறது, ஒன்பது படம் என்று இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. இரண்டு மாதம் என்பது காலண்டர் கணக்கு. அதில் நீங்கள் தூங்கிய இரவும் உண்டு, அலுவலகத்தில் களைத்துப்போய் பென்சிலைத் தொடாமல் விட்ட இரவும் உண்டு. அதை வைத்து விலையும் சொல்ல முடியாது, வேலையை விடலாமா என்றும் சொல்ல முடியாது. நானும் முதல் ஏழு வருடம் இப்படித்தான் இருந்தேன். அப்புறம்தான் ஒரு நோட்டுப் போட்டேன். உட்காரும்போது மணி, எழும்போது மணி, படத்தில் எந்த இடம். அவ்வளவுதான் அதில் எழுதுவது.

அந்த நோட்டிலிருந்து ஒரு பக்கம். படம் 30க்கு 40 சென்டிமீட்டர். ஒரு செம்புக் குவளை, இரண்டு எலுமிச்சை, பாதித் தண்ணீருடன் ஒரு கண்ணாடி டம்ளர், கீழே மடிப்பு மடிப்பாக ஒரு துணி, பின்னால் இருட்டு. பொருளை அடுக்கி வெளிச்சம் பார்த்துப் புகைப்படம் எடுக்க 5 மணி நேரம். கோட்டுப்படம் போட்டுத் தாளுக்கு மாற்ற 4. எலுமிச்சை இரண்டுக்கும் சேர்த்து 9. குவளைக்கு 17. டம்ளருக்கு 8. துணிக்கு 13. கடைசித் திருத்தம், ஸ்ப்ரே, ஸ்கேன் எல்லாம் சேர்த்து 2. மிச்சம் பின்னணி: 26. மொத்தம் 84.

கூட்டிப் பார்த்தபோது எனக்கே கோபம் வந்தது. படத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டம்ளருக்கு முன்னால் நின்றார்கள். "கண்ணாடியை எப்படி வரைந்தீர்கள்?" என்றார்கள். கண்ணாடி எட்டே மணி நேர வேலை. அதில் பாதி வரையாமல் விட்ட இடம். தாளின் வெள்ளைதான் அங்கே மின்னுகிறது. யாரும் ஒரு நொடிகூடப் பார்க்காத இருட்டில்தான் என் ஒரு வார உழைப்பு போயிருந்தது.

கறுப்புப் பென்சிலை எடுத்துத் தேய்த்தால் அந்த இருட்டு வராது என்பது உங்களுக்கே தெரியும். சாம்பல் பூத்த கரும்பலகை மாதிரி செத்துக் கிடக்கும். இண்டிகோ ஒரு அடுக்கு, அதன்மேல் அடர் பழுப்பு, அதன்மேல் அடர் பச்சை, திரும்ப இண்டிகோ என்று கூர் மழுங்காத முனையால், சின்னச் சின்ன வட்டமாக, தாளின் குழிகளில் நிறம் இறங்கும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். உள்ளங்கையளவு இடத்துக்கு ஏழெட்டு அடுக்கு. நடுவில் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஷார்ப்னர்.

இந்த இருட்டு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? ஸ்பெயினில் 1600ஐ ஒட்டி சான்செஸ் கோட்டான் என்ற ஓவியர் ஒரு கல் ஜன்னலில் சீமைமாதுளையையும் முட்டைக்கோஸையும் கயிற்றில் தொங்கவிட்டு, முலாம்பழத்தையும் வெள்ளரியையும் விளிம்பில் வைத்து, பின்னால் வெறும் கறுப்பை நிறுத்தினார். அதைப் பார்த்துத்தான் நாமெல்லாம் மயங்கிக் கிடக்கிறோம். ஆனால் அவர் கையில் இருந்தது தூரிகையும் எண்ணெய் வண்ணமும். அந்த இருட்டைப் பரப்ப அவருக்கு அகலமான தூரிகை இருந்தது. நம்மிடம் இருப்பது ஒரு மில்லிமீட்டர் முனை. எண்ணெய் ஓவியத்தின் இருட்டைப் பென்சிலில் கொண்டுவருகிறோம் என்றால், இன்னொருவருடைய கருவிக்கு ஏற்ற அழகுக்கு நம்முடைய மணிநேரத்தைக் கொடுக்கிறோம் என்று பொருள். சில படங்களுக்குக் கொடுக்கலாம். எல்லாப் படத்துக்கும் கொடுத்தால் கட்டுப்படியாகாது.

அதே குவளையையும் எலுமிச்சையையும் அடுத்த மாதம் நடுத்தரச் சாம்பல் நிறத் தாளில் வரைந்தேன். பின்னணியைத் தாளே பார்த்துக்கொண்டது. 49 மணி நேரம். விலை பழைய படத்தின் விலையேதான், வாங்கியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கறுப்புத் தாளை மட்டும் யோசித்து எடுங்கள். பென்சில் நிறம் ஒளி ஊடுருவக்கூடியது, கறுப்பில் அப்படியே அமுங்கிவிடும். முதலில் வெள்ளையில் ஒரு அடி போட்டு அதன்மேல்தான் நிறம் ஏற்ற வேண்டும், அதுவும் நேரம்தான். இருட்டுதான் வேண்டுமென்றால் இன்னொரு வழி இருக்கிறது. நீரில் கரையும் கலர் பென்சிலால் ஒரு அடி போட்டு, ஈரத் தூரிகையால் பரப்பி, நன்றாகக் காய்ந்தபின் உலர் பென்சிலில் மூன்று அடுக்கு. எனக்கு 26 மணி நேரம் 11 ஆனது. இது ஏமாற்று இல்லை. அதுவும் பென்சில்தான். தாள் மட்டும் 300 ஜிஎஸ்எம் கனத்தில், வழவழப்பான பருத்தித் தாளாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஈரத்தில் நெளிந்துவிடும்.

ஆக, ஒரு படத்தின் கூலி அதை அடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. அடுக்கி முடித்ததும், பென்சிலைத் தொடுவதற்கு முன்னால், எது எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று ஒரு ஊகம் எழுதிவையுங்கள். முதல் மூன்று படங்களுக்கு ஊகம் அபத்தமாக இருக்கும். நான்காவதிலிருந்து பிடிபட ஆரம்பிக்கும்.

ஆயிலுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆயில் பிடித்திருந்தால் தாராளமாக. ஆனால் உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வி "பென்சில் படத்துக்கா இவ்வளவு?" என்பதற்குச் சில வரி தள்ளி வருகிறது. அது ஆசையாக எனக்குத் தெரியவில்லை, காயமாகத்தான் தெரிகிறது. நாம் செய்வது இரட்டைத் தாழ்வு. கருவி குழந்தைகளுடையது என்று பெயர். விஷயமோ பானையும் பழமும். 1667இல் பிரெஞ்சு அரச ஓவிய அகாடமியில் ஃபெலிபியான் என்ற கலை எழுத்தாளர் ஓவிய வகைகளைப் படிவரிசையாக அடுக்கியபோது, உயிரில்லாத பொருள்களை வரைபவரைக் கீழ்ப்படியில்தான் வைத்தார். அறுபது வருடம் கழித்து, 1728இல், மீனும் பழமும் வரைந்த ஷார்டானை அதே அகாடமி உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் படிவரிசையோடு சண்டை போட்டதாகத் தெரியவில்லை. வரைந்துகொண்டிருந்தார்.

நீங்களும் சண்டை போடாதீர்கள். "பென்சிலா?" என்று கேட்பவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது தாங்குமா? அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும். ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் ஓவியர்களுக்காகச் செய்யும் பாலிக்ரோமோஸ் பென்சில் 1908இலேயே வந்துவிட்டது. கலர் பென்சிலின் நிறம் வெளிச்சத்தில் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்க ஏஎஸ்டிஎம் டி6901 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. காரன் டாஷ் நிறுவனத்தின் லூமினான்ஸ் பென்சிலின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் 6901 அதுதான். இதை ஒரு சின்ன அட்டையில் எழுதி, பயன்படுத்திய பென்சில், தாள் விவரத்தோடு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒட்டிவிடுகிறேன். அட்டை ஒட்ட ஆரம்பித்த பிறகு விலை பற்றிய முனகல் பாதியாகக் குறைந்தது.

ஆனால் அட்டையில் எழுதியது உண்மையாக இருக்க வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜாடியில் இளஞ்சிவப்பு ரோஜா, நல்ல விலைக்குப் போன படம். மூன்று வருடம் கழித்து வாங்கியவர் வீட்டுக்குப் போனேன். ஜாடி இருந்தது, இலை இருந்தது, ரோஜா மட்டும் பழைய காகிதம் மாதிரி வெளிறிப்போயிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, தினமும் பார்ப்பவருக்கு அது தெரியாது. எனக்கு அந்தத் தேநீர் இறங்கவில்லை. படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறொன்று வரைந்து கொடுத்தேன். பெட்டியிலிருந்த அந்த இளஞ்சிவப்பின் தாங்குதிறனை நான் பார்த்தே இருக்கவில்லை.

அதிலிருந்து எந்தப் புதுப் பென்சில் வாங்கினாலும் ஒரு பட்டை தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒட்டிவிடுவேன். மூன்று மாதத்தில் இளஞ்சிவப்பிலும் ஊதாவிலும் சில பட்டைகள் காணாமல் போவதை நீங்களே பார்ப்பீர்கள். அந்தப் பென்சில்களைத் தூக்கிப் போட மனசு வராது. பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், விற்கும் படத்தில் மட்டும் வேண்டாம். ஃபிரேம் போடும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியைக் கேளுங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி மவுண்ட் அட்டை நடுவில் இருக்க வேண்டும்.

மெழுகு அதிகமுள்ள பென்சிலில் அடர்த்தியாக வரைந்தால் சில வாரத்தில் மேலே வெண்பனி மாதிரிப் படியும். இருட்டான இடங்களில்தான் கண்ணுக்குத் தெரியும். மெத்தென்ற துணியால் லேசாக ஒற்றி எடுத்துவிட்டு, நிறத்தைப் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை மெல்லிய படலமாக இரண்டு மூன்று முறை அடித்தால் போதும். எண்ணெய் வகைப் பென்சிலில் இந்தத் தொல்லை குறைவு.

சரி, முழுநேரத்துக்கு வருவோம்.

ஒரு நாளில் எத்தனை மணி நேரம் உண்மையில் வரைய முடியும் என்று நினைக்கிறீர்கள்? வேலையை விட்டால் எட்டு மணி நேரம் கிடைக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். நோட்டு சொல்வது ஐந்து. அதற்குமேல் கண் பொய் சொல்ல ஆரம்பிக்கும், மறுநாள் திருத்துவதற்கு இரண்டு மணி நேரம் போகும். மிச்ச நேரம் பேக்கிங், ஸ்கேன், கடிதங்களுக்குப் பதில், ஃபிரேம்காரரோடு வாதம். வாரத்துக்கு 25 மணி நேரம் என்று வைத்தால் 84 மணி நேரப் படம் ஒன்றுக்கு மூன்றரை வாரம். கண்காட்சி, காய்ச்சல், கை ஓடாத நாள்கள் எல்லாம் போக, வருடத்துக்குப் பன்னிரண்டு படம். அதில் பாதி கேலரி வழியாக விற்றால் விலையில் பாதிவரை அவர்கள் பங்கு. இப்போது உங்கள் விலையைப் பன்னிரண்டால் பெருக்கி, கழிக்க வேண்டியதைக் கழித்து, வீட்டுச் செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு வருடத்தில் ஒன்பது படம் விற்ற நிலையில் அது ஒட்டாது என்றே நினைக்கிறேன். இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். வாரத்துக்கு ஒரு நாளைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று மட்டும் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்கப் பாட்டிலும் ஜாடியும் வரைந்த இத்தாலிய ஓவியர் மொராண்டி 1914இலிருந்து பதினைந்து வருடம் ஆரம்பப் பள்ளிகளில் டிராயிங் வாத்தியார். அப்புறம் 1930இலிருந்து 1956வரை போலோன்யா கலைக்கழகத்தில் எட்சிங் (உலோகத் தகட்டை அரித்துப் படம் அச்சிடும் கலை) பேராசிரியர். ஷார்டான் தன் படங்களையே திரும்பத் திரும்பப் பிரதி வரைந்தார். அவருடைய வீட்டுக் காட்சிகளை மற்றவர்கள் செதுக்கி அச்சிட்ட பிரதிகள் ஏராளமாக விற்றன. 84 மணி நேரத்தை ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு முறை விற்று வாழ்ந்தவர்கள் மிகக் குறைவு. என் வருமானத்தில் அசல் படங்கள் பாதிக்கும் கீழே. மிச்சம் வகுப்பும் பிரிண்டும். அதனால் ஒவ்வொரு படத்தையும் ஃபிரேமுக்கு அனுப்பும் முன் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து வைத்துவிடுங்கள். விற்ற ஒன்பதில் எத்தனைக்கு ஸ்கேன் இருக்கிறது? இல்லாவிட்டால் போனது போகட்டும்.

மொராண்டியிடம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் இருக்கிறது. ஒரே பாட்டில்களையே அவர் வருடக்கணக்கில் இடம் மாற்றி மாற்றி வரைந்தார். அந்தச் செம்புக் குவளை இதுவரை என்னுடைய 11 படங்களில் இருக்கிறது. முதலில் 17 மணி நேரம் பிடித்தது, கடைசியாக வரைந்தபோது 10. விளிம்பில் ஆரஞ்சு எங்கே சட்டென்று முடிந்து கரும்பழுப்பு ஆரம்பிக்கிறது என்று கைக்கே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு படத்துக்கும் புதுப் பொருள் தேடி அலைவதை விடுங்கள். ஐந்தாறு பொருளோடு ஒரு வருடம் குடித்தனம் செய்யுங்கள். பழமும் பூவும்தான் காத்திருக்காது. பூ வாடிவிடுகிறது என்று பிரெஞ்சு ஓவியர் செசான் காகிதப் பூவை வைத்து வரைந்ததாக அவருடைய படங்களை விற்ற வொல்லார் எழுதியிருக்கிறார். நான் முதல் இரண்டு நாள் அசலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நிழலில் இருக்கும் நிறத்தையெல்லாம் தாளோரத்தில் தீட்டி எண் எழுதிவிடுவேன். பிறகுதான் புகைப்படம். புகைப்படம் நிழலைக் கறுப்பாக்கிவிடும். எலுமிச்சையின் அடிப்பக்கத்தில் இருக்கும் பச்சை அதில் இருக்காது.

விலையை அளவை வைத்துச் சொல்லுங்கள், சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று. மணிக்கணக்கை வாங்குபவரிடம் காட்ட வேண்டாம், அது உங்களுக்கு. கடைசிப் பத்துப் படங்களில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரி எவ்வளவு நேரம் என்று பார்த்து அதிலிருந்து விலையை வகுத்துக்கொள்ளுங்கள்.

துணியின் நிறத்தை மாற்றச் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆயிலில் மேலே பூசிவிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பென்சிலில் ஐந்தாறு அடுக்கு ஏறிய பிறகு அழிப்பான் மேல் அடுக்கைத்தான் எடுக்கும், கறை தாளோடு தங்கிவிடும். இதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது நீங்கள்தான். ஆர்டர் எடுக்கும்போது பாதிப் பணம் முன்பணம். கோட்டுப்படமும் ஒரு சின்ன வண்ண மாதிரியும் காட்டி, "சரி" என்று எழுத்தில் வாங்குங்கள். அதற்குமேல் மாற்றம் கேட்டால் அது புதுப் படம், புது விலை. இப்படி எழுதிக் கேட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம் வரும். ஒன்றிரண்டு போகும்தான்.

கட்டைவிரல் விஷயத்தைப் போகிறபோக்கில் ஒரு வரியாகப் போட்டிருக்கிறீர்கள், நான் அதை முதலில் வைத்திருப்பேன். உங்கள் புகைப்படத்தில் இடது பக்கக் கறுப்பு இப்போதே பளபளக்கிறது. ஆரம்ப அடுக்கிலேயே அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அழுத்தினால் தாளின் சொரசொரப்பு செத்துப்போகும், அதன்மேல் அடுத்த நிறம் ஒட்டாது, ஒட்டவில்லை என்று இன்னும் அழுத்துவீர்கள். பென்சிலை நுனியில் பிடிக்காமல் பின்தள்ளிப் பிடியுங்கள், அதன் எடையே போதும். அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவதெல்லாம் கடைசி அடுக்கில் மட்டும். தேய்ந்து குட்டையான பென்சிலை விரலால் இடுக்காமல் எக்ஸ்டெண்டர் என்ற நீளப் பிடியில் மாட்டுங்கள், பலகையைச் சாய்த்து வையுங்கள், அரை மணிக்கு ஒரு முறை எழுந்திருங்கள். இரவில் விரல் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள். நான் தள்ளிப்போட்டு நான்கு மாதம் பென்சிலைத் தொடாமல் இருந்தேன்.

அந்தப் புகைப்படத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கறுப்புக்கு முன்னால் ஏழு பாட்டில். பச்சைப் பாட்டிலின் கழுத்தில் வெள்ளையை விட்டிருக்கும் இடம் அருமை, இனி அங்கே கை வைக்காதீர்கள். வலது ஓரத்தில் நான்கு விரல் அகலத்துக்கு இன்னும் கறுப்பு ஏறவில்லை. அங்கே ஏறவும் வேண்டாம், மவுண்ட் அட்டையை அதற்கு உள்ளே வெட்டச் சொல்லுங்கள். ஏழாவது பாட்டில் பாதி மறையும், படம் இன்னும் இறுக்கமாகும். என் கணக்குப்படி உங்களுக்கு ஒன்பது மணி நேரம் மிச்சம்.